பிளஸ் டூவில் 352, கட்ஆஃப் 107: கைவேலை பிடித்த தம்பியை எங்கே சேர்ப்பது?

கரிசல்காட்டு அக்கா

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். 600-க்கு 352. கணக்கு 51, இயற்பியல் 58, வேதியியல் 54, கம்ப்யூட்டர் 63. கட்ஆஃப் போட்டால் 200-க்கு 107 வருகிறது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

அவனுக்குப் படிப்பு வராது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து லீவு விட்டால் பெரியப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில்தான் (எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற கடை) கிடப்பான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர்வெல் மோட்டார் எரிந்து வந்தது. நான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனபோது தம்பி பழைய சுருளை வெட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எத்தனை ஸ்லாட் (கம்பி உட்காருகிற பள்ளம்), எந்த ஸ்லாட்டிலிருந்து எதற்குப் போகிறது, எத்தனை சுற்று என்று படம் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். அப்புறம் கம்பியின் மேலுறையைச் சீவிவிட்டு செம்பை மட்டும் மைக்ரோமீட்டரில் பிடித்து மூன்று இடத்தில் அளந்தான். ஏன் மூன்று இடம் என்று கேட்டேன். "எரிந்த கம்பி ஒரு இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கும்க்கா, ஒரு அளவை நம்பி கம்பி வாங்கினால் தப்பாகிவிடும்" என்றான். நீர்மூழ்கி மோட்டாரில் சுருளை மொத்தமாகச் செய்து உள்ளே இறக்க முடியாதாம், ஒவ்வொரு சுற்றையும் நூல் கோர்ப்பதுபோல் ஸ்லாட்டுக்குள் இழுக்க வேண்டுமாம். இரண்டு நாள் உட்கார்ந்து இழுத்தான். இயற்பியல் புத்தகத்தை எடுத்தால் அரைமணி நேரத்தில் தூங்குகிற பையன்தான்.

அப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாம், அம்மா நகையை வைத்துப் பணம் கட்டலாம் என்கிறார். பெரியப்பா ஐ.டி.ஐ. போதும் என்கிறார். நான் டிப்ளமோ என்று நினைக்கிறேன், ஆனால் கணக்கில் 51 எடுத்தவன் டிப்ளமோ கணக்கைத் தாங்குவானா என்று பயமாகவும் இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றாலே சொந்தக்காரர்கள் முகம் மாறுகிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

டூல்ரூம் கோவை

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கம்பியை மூன்று இடத்தில் அளந்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் டூல்ரூமில் புதிதாக வருகிற பையன்களுக்கு அந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவர எனக்கு ஆறு மாதம் பிடிக்கும்.

நான் பத்தாம் வகுப்பில் 500-க்கு 281. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன், அதிலும் கணக்கில் இரண்டு அரியர். இன்றைக்கு 22 வருஷமாக டை (உலோகத்தை வடிவமாக்குகிற அச்சு) செய்கிற வேலை. முதல் மூன்று மாதம் என் கையில் கொடுத்தது ஒரு இரும்புக் கட்டியும் அரமும் மட்டும்தான். ஆறு முகத்தையும் அராவி ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் கொண்டுவர வேண்டும். 90 டிகிரி பார்க்கிற டிரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்போம். நடுவில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் பள்ளம், அதாவது சுற்றிலும் இன்னும் அராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. பாதிப் பேர் அந்த மூன்று மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த வெளிச்சக் கோடு நாளுக்கு நாள் மெலிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன், உங்கள் பயமே அதில்தானே. ஒருநாள் சீனியர் என்னிடம் கோணம் அமைக்கிற சைன் பாரைக் கொடுத்தார். 100 மி.மீ. நீளம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு உருளை. ஒரு உருளைக்குக் கீழே 50 மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவில் செய்த கட்டிகள்) அடுக்கினால் மேல்பக்கம் சரியாக 30 டிகிரியில் நிற்கும். அவர் 15 டிகிரி வேண்டும், எவ்வளவு அடுக்குவாய் என்று கேட்டார். நான் 25 என்று சொன்னேன். வைத்துப் பார்க்கச் சொன்னார், ஜாப் (செய்கிற துண்டு) பொருந்தவில்லை. சைன் 15-ஐக் கால்குலேட்டரில் போட்டால் 0.25882, அப்படியென்றால் அடுக்க வேண்டியது 25.882. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம், ஆனால் அது என் கண் முன்னால் இடுக்காகத் தெரிந்தது. சைன் தீட்டா எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குக் காட்டியதே இல்லை. அந்த வருஷமே இரண்டு அரியரையும் முடித்தேன். அதனால் 51 எடுத்தவனுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் கைவேலை தெரிந்தால் கணக்கு வேண்டாம் என்று யாராவது அவனிடம் சொன்னால் அதையும் நம்பவிடாதீர்கள். கணக்கு இல்லாமல் ஆபரேட்டராக இருக்கலாம், அதற்கு மேல் போவது ரொம்பக் கஷ்டம்.

என் யோசனை டிப்ளமோ, அதுவும் எலெக்ட்ரிகல். பிளஸ் டூ முடித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், இரண்டே வருஷத்தில் முடியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வருஷத்தில்தான் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் சொல்லிக்கொடுப்பார்கள், நேரடியாக வருகிறவர்கள் அதைத் தாண்டி வந்துவிடுவார்கள். உங்கள் தம்பிக்கு ஒர்க்‌ஷாப் பிரச்சினை இல்லை, டிராயிங்கை இந்த லீவிலேயே தொடங்கிவிட வேண்டும்.

எந்தக் கல்லூரி என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டேன். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். லேத்துக்குக் கீழே தட்டில் புதிதாகச் சீவிய இரும்புச் சுருள் கிடக்கிறதா, கட்டிங் ஆயில் வாசம் வருகிறதா, பையன்கள் கையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் பளபளவென்று துணி போர்த்தி நின்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

எங்கள் ஊரில் இப்படிப் பேச்சு வந்தால் உடனே ஜி.டி. நாயுடுவைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், வெள்ளைக்காரரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகக் கழற்றி மாட்டியவர், 1937-இல் இந்த நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியவர்களில் ஒருவர். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உங்கள் தம்பிக்கு அவரை உதாரணமாகச் சொல்ல மாட்டேன். இன்றைக்குக் கம்பெனி கேட்டிலேயே சர்டிபிகேட்டைக் கேட்கிறார்கள், கையில் என்ன தெரியும் என்று பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

---

நாலு டு இருபது

அக்கா, நான் ஓசூரில் ஒரு கேலிபிரேஷன் லேபில் இருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியலில் 43. எங்கள் வீட்டில் பி.காம். போடச் சொன்னார்கள், அழுது அடம்பிடித்து இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் வருஷம் சேர்ந்தேன். வகுப்பில் மொத்தம் மூன்று பெண்கள்.

எலெக்ட்ரிகல் நல்லதுதான், ஆனால் உங்கள் தம்பியைப் போல நுணுக்கமாக அளக்கப் பிடித்தவர்களுக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று ஒரு துறை இருப்பதே நம் பக்கம் பல பேருக்குத் தெரிவதில்லை. மருந்துத் தொழிற்சாலை, சர்க்கரை ஆலை, அனல்மின் நிலையம், பால் பண்ணை என எங்கே கொதிக்கிறதோ, அழுத்தம் ஏறுகிறதோ, குழாயில் ஏதாவது ஓடுகிறதோ அங்கெல்லாம் அதை அளக்கிற கருவி இருக்கும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பிடி100 என்று வெப்பநிலை அளக்கிற ஒரு சென்சார், பிளாட்டினக் கம்பி. சுழியம் டிகிரியில் 100 ஓம் காட்ட வேண்டும், 100 டிகிரியில் 138.5 ஓம். தினமும் காலையில் ஐஸை உடைத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, பிளாஸ்கில் இறுக்கமாக நிரப்பி, அதில் சென்சாரை இறக்கிக் காத்திருப்பேன். எண் ஆடி ஆடி ஒரு இடத்தில் நிற்கும். ஐஸ் தளர்வாக இருந்து அடியில் தண்ணீர் மட்டும் தேங்கினால் தப்பாகக் காட்டும், அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

என் பெயருக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கருவியிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு அளவு போவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக. டேங்க் காலி என்றால் 4, நிறைந்தால் 20, பாதி என்றால் 12. ஏன் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை என்று முதல் வாரமே சாரிடம் கேட்டேன். வயர் அறுந்தால் சுழியம் வரும், டேங்க் காலியானாலும் சுழியம் வந்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று திருப்பிக் கேட்டார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இயற்பியல் பிடித்தது என்று நினைக்கிறேன். 43 மார்க்கில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை.

பணத்தைப் பற்றியும் அப்பாவிடம் பேசுங்கள். தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். அப்படியென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இரண்டுக்கும் உண்டு. பி.இ.தான் வேண்டும் என்று அப்பா உறுதியாக நின்றாலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்து வையுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை. இவ்வளவு இருக்கும்போது அம்மா நகையை எடுத்துக்கொண்டு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போகவே வேண்டாம்.

---

ஷிப்ட் பி

மேலே இரண்டு பேரும் நன்றாக வந்தவர்கள், அவர்கள் சொல்வது உண்மை. நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பையனுக்குத் துரோகம் செய்ததுபோல் ஆகிவிடும்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர், 2014 பேட்ச். சென்னைக்கு வெளியே ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பயிற்சி என்று எடுத்தார்கள். அராவவும் அளக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டு என்னை நிறுத்தியது ஒரு அசெம்பிளி லைனில். நாள் முழுக்க ஆறு போல்ட், போல்ட்டை அளவாக முறுக்குகிற டார்க் கன் பீப் என்றால் அடுத்தது. இரண்டு வருஷம் பயிற்சி, அப்புறம் ஒப்பந்தம், ஒப்பந்தம் முடிந்தால் ஒரு மாத இடைவெளி விட்டு வேறு கான்ட்ராக்டர் பெயரில் மறுபடி ஒப்பந்தம். ஆறு வருஷம் இப்படிப் போனது. நிரந்தரம் கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. அந்த ஆறு வருஷத்தில் நான் நுணுக்கமாக அளக்கிற வெர்னியரைக் கையில் எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கை மறந்துபோகும் சார், அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அதனால் ஐ.டி.ஐ. தப்பு என்று சொல்லவில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் டியூஷன் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, கம்ப்யூட்டர் இயக்குகிற சி.என்.சி. மெஷின் எல்லாம் போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன், எங்கள் காலத்தில் இதில் எதுவும் கிடையாது. நான் சொல்ல வந்தது, எங்கே நுழைந்தாலும் அடுத்த படி எங்கே என்று முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். வேலையில் இருக்கிற டிப்ளமோக்காரர்களுக்குக் கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக் போன்ற இடங்களில் பகுதிநேர பி.இ. இருக்கிறது. இது எனக்கு 28 வயதில்தான் தெரிந்தது. இப்போது டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், மறுபடி வெர்னியர் கையில் வந்திருக்கிறது.

அப்ரன்டிஸ் என்றால் எங்கே என்று பார்த்துப் போகச் சொல்லுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை இடங்களில் முறையாக எடுக்கிறார்கள். அங்கே பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று அர்த்தமில்லை, ஆனால் கையில் வருகிற சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இஸ்ரோவில் டெக்னீஷியன்-பி வேலைக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான். டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்றால் டிப்ளமோவில் முதல் வகுப்பு வேண்டும். இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள், பிளஸ் டூ மார்க்கை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், டிப்ளமோ மார்க்கைக் கேட்பார்கள். பள்ளியில் விட்டதைப் பிடிக்க அவனுக்குக் கிடைக்கிற இடம் அது, அதையும் விட்டுவிடக் கூடாது.

சம்பளம் முதல் மூன்று நான்கு வருஷம் குறைவாகத்தான் இருக்கும். கூடப் படித்தவன் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து பைக் வாங்குவான், அப்போது வீட்டில் ஒரு பேச்சு வரும். அதைத் தாங்க அக்கா நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

---

பேனல் போர்டு

நான் அப்பா பக்கம் ஒரு வார்த்தை பேசுகிறேன். கட்ஆஃப் 112-இல் இ.இ.இ. (எலெக்ட்ரிகல் பி.இ.) படித்தவன் நான். படித்த கல்லூரியில் லேப் பீரோ பூட்டியே இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் திறப்பார்கள். நான்கு வருஷம் முடியும்போது 14 அரியர். மோட்டாரை ஓடவைக்கிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது படிப்பை முடித்துவிட்டு ஒரு பேனல் போர்டு (மின்கட்டுப்பாட்டுப் பெட்டி) பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தபோதுதான். கற்றுக்கொடுத்தவர் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன், அவரை இன்றும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆனாலும் அரியரை எல்லாம் முடித்து அந்தப் பட்டத்தை வாங்கியதால்தான் இன்று டெண்டர் பேப்பரில் கையெழுத்துப் போட முடிகிறது. அப்பாவின் பயம் வெறும் கௌரவம் மட்டும் இல்லை, பையன் வாழ்நாள் முழுக்க மற்றவருக்குக் கீழேயே இருந்துவிடுவானோ என்பதும்தான். அதற்குப் பதில் டிப்ளமோவிலேயே இருக்கிறது என்று அவருக்குக் காட்டுங்கள். எலெக்ட்ரிகல் டிப்ளமோவும் அனுபவமும் இருந்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் சூப்பர்வைசர் சான்று வாங்கலாம், அதை வைத்து ஒப்பந்தக்காரராகவும் போகலாம். பெரியப்பா கடை ஏற்கனவே இருக்கிறது. ரீவைண்டிங் மட்டும் செய்கிற கடைக்கும், மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல், வயரிங் எல்லாம் சான்றோடு செய்கிற கடைக்கும் வருமானம் எவ்வளவு மாறும் என்று பெரியப்பாவையே அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார், அண்ணன் சொன்னால் கேட்பார்.

---

கரிசல்காட்டு அக்கா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பெரியப்பாவைப் பேச வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு எந்த பாலிடெக்னிக் என்று கேட்டார். மதுரைப் பக்கம் இரண்டு இடம் பார்த்தோம், பதினொரு மணிக்குத்தான் போனோம். முதல் இடத்தில் ஒர்க்‌ஷாப் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள், அங்கேயிருந்து வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் மெஷின் லேபுக்குள் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்து நான்கு பையன்கள் சுற்றி நின்றார்கள். தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் மெதுவாக உள்ளே போய் "இது 24 ஸ்லாட்டா சார்" என்று கேட்டான். அங்கிருந்த லேப் அசிஸ்டென்ட் அவன் கையில் மெக்கரை (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிற கருவி) கொடுத்து இன்சுலேஷன் பார் என்றார். அப்பா வெளியே நின்றபடி அதைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டது ஒன்றுதான், "இவனுக்கு மெக்கர் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தது?"

எலெக்ட்ரிகல் விண்ணப்பம் போட்டுவிட்டோம். இன்ஸ்ட்ருமென்டேஷன் அந்த இடத்தில் இல்லை. 4 டு 20 பற்றி எழுதியதைத் தம்பிக்குப் படித்துக்காட்டினேன், வயர் அறுந்தால் சுழியம் என்பதை அவனாகவே முதலில் சொல்லிவிட்டான். 7.5 சதவீத கவுன்சலிங்குக்கும் அப்பா மனதுக்காக விண்ணப்பித்து வைத்திருக்கிறோம்.

டூல்ரூம் அண்ணா, டிராயிங்கை எப்படித் தொடங்குவது? இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

---

டூல்ரூம் கோவை

நல்ல செய்தி தங்கச்சி. ஆள் வேண்டாம், பெரியப்பா கடையே போதும். ஒரு மினி டிராப்டர் (நேராகக் கோடு போட உதவுகிற கருவி), எச் பென்சில், 2எச் பென்சில், பெரிய தாள் வாங்கிக் கொடுங்கள். கடையில் கிடக்கிற பழைய மோட்டாரின் எண்ட் கவர் (முனை மூடி) ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று மூன்று படம். நம் நாட்டில் முதல் கோண முறைதான், அதாவது முன்படத்துக்குக் கீழே மேல்பார்வை வரும், மாற்றிப் போட்டுவிடக் கூடாது. எல்லா அளவையும் வெர்னியரில் எடுத்து எழுதட்டும், பேரிங் உட்காருகிற துளையை மட்டும் இரண்டு திசையில் அளக்கட்டும்.

போட்டு முடித்ததும் கவரை ஒளித்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் ஊரில் உள்ள லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்து இதை வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்த அளவு இல்லை என்று கேட்கிறாரோ அதை எழுதிக்கொண்டு வந்து மறுபடி போடட்டும். படத்தை எனக்கும் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.